பூட்டுக்குக் கொடுக்காத பத்து நிமிடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றார், ஏறுகிறாள். தினமும் நட என்றார், அது மட்டும் முடியாதாம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, நானே சரிசெய்கிறேன் என்று ஸ்பேனரை எடுத்தேன், இப்போது குளியலறைக் குழாயும் சேர்ந்து ஒழுகுகிறது. நாட்டு அணிக்குக் கோச், வீட்டுக் குழாய்க்கு ஆகாதவர் என்று உன் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இந்த வாரம் நான்கு நாள் அவள் என்னிடம் பேசவே இல்லை, அதற்கு இது எவ்வளவோ மேல்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் நீ போன் பண்ணினாய். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் உன் போனைச் சுற்றி நின்று பார்த்ததாகவும், கடைசி கோல் விழுந்ததும் நீ மேசைமேல் ஏறிக் குதித்ததாகவும் சொன்னாய். நான் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏம்ப்பா உங்க குரல்ல சந்தோஷமே இல்ல, என் மேல ஏதும் கோவமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். உன் மேல் எனக்கு என்ன கோபம் அம்மாடி, என் மேல்தான். போனில் சொன்னால் பாதியில் விழுங்கிவிடுவேன் என்று தெரிந்துதான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் அணியில் பூட்டு என்று ஒருவன் இருக்கிறான், இரண்டாவது கோல்கீப்பர். நீ டிவியில் பார்த்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டாய், பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பான். பயிற்சியில் அவனைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் பையன்கள் வைத்த பெயர். முப்பத்தாறு வயது. அணியிலேயே மூத்தவன், ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் நாட்டுக்காக ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. முன்னால் ஓடுகிறவன் களைத்தால் மாற்றுவோம், நடுவில் நிற்பவன் சொதப்பினால் மாற்றுவோம், கோல்கீப்பரைக் கை கால் உடைந்தால் ஒழிய யாரும் மாற்ற மாட்டோம். எங்கள் முதல் கோல்கீப்பருக்கோ ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை. எனக்கு முன்னால் இருந்த கோச்சுகளைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. புதுமுகங்களை இறக்கிப் பார்க்கிற ஆள் என்று எனக்குத்தான் பெயர், யார் சார் இவங்கல்லாம், எங்கேருந்து பிடிச்சிட்டு வர்றீங்க என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். மீசை முளைக்காதவனை எல்லாம் இறக்கிப் பார்த்தவன், இவனை இறக்கிப் பார்க்கவில்லை. சாதாரணப் பந்தயங்கள் வந்தபோதும் நாளைக்கு உதவுவான் என்று மூன்றாவதாக இருந்த இளம் கீப்பரைத்தான் நிறுத்தினேன். இவன் முகம் சுளித்ததே இல்லை. தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பான், பெனால்டிக்கு எவன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று முதல் கீப்பர் காதில் போட்டு அனுப்புவான்.

இந்தப் போட்டித் தொடரோடு விலகிக்கொள்வதாக அவன் வந்து சொன்னான். தண்ணீர் வாரியத்தில் பம்பு ஓட்டுகிற வேலை, லீவு கொடுக்க அங்கே இப்போதெல்லாம் மூக்கால் அழுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எங்களுக்குக் கடைசி ஆட்டம் என்றுதான் எல்லோருமே நினைத்திருந்தோம். நாங்கள் ஜெயித்தாலும் போதாது, இன்னொரு மைதானத்தில் பலமான அணி தோற்க வேண்டும், அது நடக்கிற காரியமா? அதனால் பஸ்ஸில் போகும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி பத்து நிமிஷம் நீதான் கோல்ல நிக்கிற, வீட்டுல எல்லாரையும் வரச் சொல்லு, இது என் வாக்கு என்று சொன்னேன். அவன் நன்றிகூடச் சொல்லவில்லை அம்மாடி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நிஜமாவா சார் என்று கேட்டான்.

எண்பதாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று சமம். ஐந்து பேரை மாற்றலாம், நான்கு பேரை மாற்றியாகிவிட்டது, ஐந்தாவது இடம் அவனுக்கென்று வைத்திருந்தேன். வா என்றேன். மேல்சட்டையைக் கழற்றினான், கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டினான், கோட்டருகே போய் நின்றான், ஆள் மாற்றும் பலகையில் அவன் நம்பரைப் போட்டாயிற்று. பந்து வெளியே போனால்தான் ஆளை மாற்ற விடுவார்கள், அதுதான் பாக்கி. அப்போதுதான் துணைக் கோச் போனும் கையுமாக ஓடி வந்து, சார் அங்க அவங்க தோத்துக்கிட்டிருக்காங்க, நாம ஒரு கோல் போட்டா அடுத்த சுற்று என்று கத்தினார். என் மூளையில் வேறு எதுவும் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மாற்றம், கோல் போட ஆள் வேண்டும், பெஞ்சில் வெட்டுக்கிளி இருக்கிறான். பத்தொன்பது வயது, நாட்டுச் சட்டையில் ஒரு தடவைகூட மைதானத்தில் கால் வைக்காதவன், ஆனால் நின்ற இடத்திலிருந்து ஆள் உயரம் எம்புவான். பலகையை மாற்றச் சொன்னேன். பூட்டைப் பார்த்து உக்காரு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மன்னிச்சுக்கோ என்றோ, இப்படி ஆயிடுச்சுடா என்றோ ஒரு வார்த்தை இல்லை, தோளில் ஒரு கை இல்லை. நாயை விரட்டுகிற மாதிரி உக்காரு.

மீதியை நீ பார்த்தாய். கடைசி கார்னர், வெட்டுக்கிளி எம்பினான், தலையில் பட்டது, உள்ளே போனது. நீ பார்த்திருக்க முடியாதது ஒன்று உண்டு. பெஞ்சிலிருந்து எழுந்து அந்தப் பையனை நோக்கி முதலில் ஓடியது பூட்டுதான், கையுறையைக்கூடக் கழற்றவில்லை. பத்திரிகையில் அந்தப் படத்தைப் போட்டு அணியின் ஒற்றுமை என்று எழுதியிருக்கிறார்கள். சங்கத் தலைவர் போன் பண்ணி, தெரியாத பையனைத் துணிஞ்சு எறக்கினீங்க பாருங்க, அதுக்குத்தான்யா உங்கள வெச்சிருக்கோம் என்றார். துணைக் கோச் நீங்க செஞ்சதுதான் சரி சார் என்று இதுவரை இருபது தடவை சொல்லிவிட்டார். சரி என்றால் ஒரு தடவை சொன்னால் போதாதா?

உன் அம்மா அன்றைக்கு மைதானத்தில் குடும்பத்தார் உட்காரும் வரிசையில் இருந்தாள். அவளுக்கு அடுத்த நாற்காலியில் பூட்டின் மனைவி, அதற்கடுத்து அவன் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிறது. அப்பா மேல்சட்டையைக் கழற்றியதும் அந்தக் குழந்தை நாற்காலிமேல் ஏறி நின்று, எங்கப்பா, எங்கப்பா என்று முன்வரிசைக்காரர்களை எல்லாம் தட்டித் தட்டிக் காட்டியிருக்கிறது. அப்புறம் அவன் திரும்பி நடந்ததும், ஏம்மா போறாரு, அப்பா என்னம்மா தப்பு பண்ணாரு என்று கேட்டிருக்கிறது.  வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது உன் அம்மா, ஜெயிச்சது சரிதான், அதுக்கு அந்த மனுஷன எழுப்பி நிக்க வெச்சு ஊரே பார்க்க உக்கார வெக்கணுமா என்றாள். நான்கு நாள் அவ்வளவுதான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, படியெல்லாம் ரப்பர் வாசனை. அவன் மனைவி தையல் மெஷினிலிருந்து எழுந்து வாங்க என்றாள், மறுபடி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததுமே பூட்டு தடுத்துவிட்டான். விடுங்க சார், உங்க எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன், எனக்கு ஒண்ணும் இல்ல, எம்பொண்ணுகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா என்றான். குழந்தை தரையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தது. நானும் தரையில் உட்கார்ந்தேன். உங்கப்பா ஒரு தப்பும் பண்ணலம்மா, நான் அவருக்கு ஒரு வாக்கு கொடுத்தேன், நான்தான் தவறிட்டேன் என்றேன். ஏன் என்றது. ஜெயிக்கணும்னு ஆசை என்றேன். எங்கப்பா எறங்கினா ஜெயிக்க முடியாதா என்றது. உங்கப்பா கோல் விழாம தடுப்பாரு, அன்னிக்குக் கோல் போட ஆள் தேவைப்பட்டுச்சு என்றேன். சீவிய பென்சிலின் முனையை விரலில் குத்திப் பார்த்தது. அப்புறம் சொன்னது, நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் எங்கப்பா வெளையாடப் போறாருன்னு சொல்லிட்டேன், இப்ப எல்லாரும் என்னப் புளுகுணி புளுகுணின்னு கூப்பிடறாங்க, நீங்க வந்து சொல்லுவீங்களா?

வாக்குக் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது அம்மாடி. ஆனாலும் வர்றேன் என்றேன்.

வியாழக்கிழமை காலை போனேன். பரிசு கொடுக்க வந்திருக்கிறேன் என்று தலைமை ஆசிரியை நினைத்துவிட்டார், போட்டோ எடுக்க ஆள் வைத்திருந்தார். இரண்டாம் வகுப்புக்கு மட்டும் போனால் போதும் என்று சொல்லி உள்ளே போனேன். ஐம்பதாயிரம் பேர் நடுவில் நின்றிருக்கிறேன், அந்தக் குட்டி வகுப்பில் டீச்சரின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பொண்ணு பொய் சொல்லல, அவங்கப்பா வெளையாடுவாருன்னு நான்தான் வாக்கு கொடுத்தேன், கடைசியில நான்தான் மாத்திட்டேன் என்றேன். முன்பல் விழுந்த ஒரு பையன் எழுந்து, சொல்லிட்டு செய்யலன்னா அது பொய்தானே சார் என்றான். ஆமாம் என்றேன். பொய் சொன்னா எங்க கிளாஸ்ல பெஞ்சு மேல ஏறி நிக்கணும் சார் என்றான். டீச்சர் டேய் என்று பாய்ந்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஏறினேன். அந்தப் பெஞ்சு என் கனத்துக்கு முனகியது, மின்விசிறி தலைக்கு ஒரு சாண் மேலே சுற்றியது. வகுப்பே சிரித்தது, டீச்சருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பூட்டின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. என்னை நன்றாக ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, போதும் சார், எறங்குங்க, விழுந்துடப் போறீங்க என்று தன் கையை நீட்டியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

சாயங்காலம் பயிற்சிக்கு வரும்போதே பூட்டுக்குச் செய்தி எட்டிவிட்டது. பெஞ்சு மேல ஏறி நின்னீங்களாமே சார், நான் பன்னெண்டு வருஷமா பெஞ்சுல இருக்கேன், ஒரு நாளும் ஏறி நின்னதில்ல என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை அடுத்த சுற்று, தோற்றால் வீட்டுக்கு. இதிலும் உன்னை இறக்குவேன் என்று என்னால் சொல்ல முடியாது என்று அவனிடம் உள்ளதைச் சொன்னேன். அதே நிலைமை மறுபடி வந்தால் மறுபடியும் வெட்டுக்கிளியைத்தான் அனுப்புவேன் என்பதையும் சொன்னேன். அதுதான் என்னைக் குடைகிறது அம்மாடி, ஆட்டத்தில் நான் செய்தது தப்பு என்று இருந்தால் வருத்தப்பட்டுவிட்டுப் போய்விடுவேன், அது சரியாக இருந்து தொலைக்கிறதே. பூட்டு கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். வாக்கெல்லாம் வேண்டாம் சார், கூப்பிட்டா வர்றேன், கூப்பிடலன்னா தண்ணி குடுக்கறேன் என்றான். இரண்டடி போனவன் திரும்பி வந்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது. ஆனா எழுப்பினீங்கன்னா எறக்கிடுங்க சார், எழுப்பிட்டு மறுபடி உக்கார மட்டும் சொல்லாதீங்க, அன்னிக்கு அந்தப் பெஞ்சு வரைக்கும் நடந்து வந்தேனே, அது என்னால முடியல என்றான். சொல்லிவிட்டுப் போய்க் கோலில் நின்றான். வெட்டுக்கிளி அடித்த பந்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

சரி, என் பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறேன். நீ வேலையில் புதிதாக வந்த பெண்ணுக்கு எல்லாம் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னாய், கற்றுக்கொடு, அவள் தப்புச் செய்தால் நாலு பேர் முன்னால் வைத்துச் சொல்லாதே. ஜலதோஷம் வந்தால் மருந்து மாத்திரை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம், காது மூடுகிற தொப்பி போடு, அழகு கெடுகிறது என்று கையில் பிடித்துக்கொண்டு நடக்காதே. இந்தக் கடிதம் வந்து சேரும்போது சனிக்கிழமை ஆட்டம் எப்படி முடிந்திருந்தாலும் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிவிடு, அவள் உன்னிடம் பேசினால்தான் என்னிடமும் முகம் கொடுத்துப் பேசுவாள். நீ நினைத்ததெல்லாம் நல்லபடி நடந்து, நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா