சந்தனப் பாத்தியில் பிடுங்கிய களை

1936, ஆவணி 9. கோயம்புத்தூர்.

சோதனைத் தோட்டத்துக் காவல்காரர் மாரப்பனை இன்று வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சந்தன நாற்றுகளுக்குத் தண்ணீர் விடாமல் சாகவிட்டார் என்பது குற்றம். அப்படி அறிக்கை எழுதியவன் நான்.

சந்தனம் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சித்தான் வாழும் என்று பரீட்சையில் நான்கு பக்கம் எழுதித் தேறியவனும் நான்தான். சித்திரையில் பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றதும், பாத்தி சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று புல் பூண்டு மிச்சமில்லாமல் பிடுங்கச் சொன்னேன்.

"ஏனுங்கய்யா, பக்கத்துச் செடி போச்சுன்னா இதும் போயிருமுங்களே" என்றார் மாரப்பன்.

"நீ படிச்சவனா, நான் படிச்சவனா?" என்று கேட்டேன்.

துரை பாத்தியின் சுத்தத்தை மெச்சினார். மாதம் முடிவதற்குள் முக்கால்வாசி நாற்றுகள் கருகிவிட்டன. அறிக்கையில் ஒரு காரணம் வேண்டியிருந்தது. தண்ணீர் என்று எழுதினேன்.

இன்று மாலை மாரப்பன் கொட்டகைச் சாவியைக் கொடுக்க வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த உதவியையும் அவர் செய்யவில்லை.

"மிச்சமிருக்கிற நாத்துக்குப் பக்கத்துல தொவரை போட்டிருக்கனுங்க. மொளச்சு வருதுங்க. அதையும் புடுங்கச் சொல்லிப்போடாதீங்க. வாரனுங்க."

மேலிடத்துக்கு உண்மையை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று. நான்காவதில் சந்தனத்தின் லத்தீன் பெயர் பிழையில்லாமல் வந்திருக்கிறது. என் பெயர் இன்னும் வரவில்லை.