கல்சட்டி வளையமும் அசைந்த முள்ளும்

இன்று காலை மருமகள் கல்சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாள். தண்ணீர் வற்றி, கல் காய்ந்து, அதில் ஊறிக் கிடந்த புளியும் நல்லெண்ணெயும் புகைந்து வீடு முழுக்க ஒரே வாசனை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முழங்காலும் விடவில்லை, மனசும் விடவில்லை. அது நம் லேப் வாசனையடி. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயோ மகராசியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய். எழுதியாவது வைக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் நாம் இருவரும் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தோம். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து வருவாய், நான் பொன்மலையிலிருந்து. மற்ற டீச்சர்கள் புடவையும் சினிமாவும் பேசும் மத்தியான வேளையில் நீ பூமியின் நடுவில் இருக்கும் இரும்பைப் பற்றிப் பேசுவாய். மோர்சாதத்தைப் பிசைந்தபடியே கேட்பாய்: "அத்தனை சூட்டுலயும் நட்ட நடுவுல இருக்கற இரும்பு ஏன்டி உருகல? அமுக்கம்! உருகறதுக்கும் கொஞ்சம் இடம் வேணுமோல்லியோ? இடம் கொடுத்தாத்தானே!" எனக்குச் சிரிப்பு வரும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் மாமியார், நாத்தனார், கொழுந்தன் குடும்பம் என்று நெரிசல். "என்னையும் அந்த லிஸ்டுல சேர்த்துக்கடி" என்பேன்.

இரும்பு, டைட்டானியம், ஜிர்கோனியம் என்று இடைநிலை உலோகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு என்று சொல்வாய். இவ்வளவு சூட்டுக்கு, இவ்வளவு அழுத்தத்துக்கு மேல் போனால் அணுக்கள் பழைய அடுக்கைக் கலைத்துவிட்டு வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளும். வெளிநாட்டில் வெடிமருந்து வைத்து இரும்பைத் தாக்கி, கண்மூடித் திறப்பதற்குள் அது மாறுவதைப் பார்த்துவிட்டார்கள். உனக்கு அதை நிதானமாக, கையால் பம்ப் அடித்துப் பார்க்க வேண்டும். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தாய். கையில் ஒரு சோதனை முடிவோடு வா, பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. அது கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் முதல் வருஷப் பெண்களுக்கு ஊசல் ஆட்டிக் காட்ட வேண்டியதுதான்.

என் அப்பா, தான் வேலை பார்த்த ரயில்வே பட்டறையில் கழித்துப் போட்ட, எண்ணெய் அழுத்தத்தால் நசுக்கும் ஒரு பழைய பிரஸ்ஸைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். கோடை லீவுக்குள் திருப்பித் தரவேண்டும். எதற்கும் நசுங்காத டங்ஸ்டன் கார்பைடு கட்டைகள் இரண்டுதான் கிடைத்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு சின்னக் கல் வளையம், வளையத்துக்குள் இரும்புத் துணுக்கு, அதன் வழியே ஓடும் மின்சாரத்தை அளக்க இரண்டு கம்பியும் ஒரு முள் மீட்டரும்; இரும்பு அடுக்கு மாறினால் மின்சாரம் சட்டென்று குறைந்து முள் இறங்கும். வளையம்தான் துணுக்கை வெளியே பிதுங்கவிடாமல் பிடிக்க வேண்டும். அதற்கு மெத்தென்ற கல் தேவை. நம் ஊரில் கல்சட்டியை விட்டால் வேறென்ன?

அங்கேதான் நாம் இரண்டு பேரும் முட்டாளானோம். புதுச் சட்டி நெருப்பில் விரிசல் விடும், பழக்கிய சட்டிதான் தாங்கும் என்பது அடுப்படிப் பாடம். அதனால் உன் அம்மாவிடம் இருந்ததிலேயே பழைய சட்டியை, ஓரம் உடைந்ததென்று சொல்லி வாங்கி வந்து, அடியை அறுத்து அரத்தால் ராவி வளையம் செய்தோம். ஈரம் போக அடுப்பில் காய்ச்சியபோது லேப் முழுக்க வத்தக்குழம்பு வாசனை. பம்ப் அடித்ததும் வளையம் 'டப்'பென்று தெறித்துச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. ஒரு வாரம் கழித்துத்தான் உனக்கு உறைத்தது. "எண்ணெய் குடிச்ச கல்லுடி! வழுக்காம என்ன பண்ணும்?"

புதுச் சட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் போட்டு உடைத்தாய். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "புதுச் சட்டியை யாராவது காசு கொடுத்து வாங்கிண்டு வந்து உடைப்பாளோ? ரங்கா, இதுக்கா இதுகளைப் படிக்க வெச்சோம்!" வளையம் வழுக்காதிருக்கச் சிவப்பு இரும்புத்துருப்பொடி பூசச் சொல்லியிருந்தது நீ படித்த கட்டுரை. வெள்ளிக்கிழமைக் கோலத்துக்கு உன் அம்மா கரைத்து வைத்திருந்த காவியில், அதுவும் அந்தத் துருதானே, வளையத்தைத் தோய்த்து எடுத்தாய். அதற்கும் திட்டு வாங்கினோம். வளையம் நின்றது.

அன்று பம்பை நான்தான் அடித்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. திடீரென்று சரிந்து பாதி வழியில் நின்றது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது. அழுத்தத்தை இறக்கியதும் முள் தயங்கித் தயங்கிப் பழைய இடத்துக்கே வந்தது. துணுக்கை எடுத்துப் பார்த்தால் சாதாரண இரும்பு. எங்கே போய் வந்தது என்பதற்கு ஒரு சுவடும் இல்லை.

மறுபடி ஏற்றியபோது கார்பைடு கட்டை பிளந்தது. வேறு கட்டை வாங்க யாரிடம் போவது? துறைத்தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவை அசைஞ்சத வெச்சுக்கிட்டு என்னம்மா எழுதறது? கம்பி எங்கயாவது லூஸா இருந்திருக்கும்." கம்பி விட்டிருந்தால் முள் சைபருக்கு அல்லவா விழும் என்று நான் வாயைத் திறந்தேன். நீ என் முந்தானையை இழுத்தாய். வெளியே வந்து, "எழுதி அனுப்பித் தொலைடி" என்று கத்தினேன். நீ மாட்டேன் என்றாய். "ரெண்டாந்தரம் பார்க்காததை எப்படிடி எழுதறது?" லீவுக்கு முன்னால் பிரஸ் வண்டியேறிப் போனது. பெங்களூரும் போனது. நீ ஊசல் ஆட்டிக்கொண்டிருந்தாய், ரிடையர் ஆகும்வரை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

பிறகு யார் யாரோ பெரிய மிஷின்களில் அதே இரும்பை அழுத்திப் பார்த்து எழுதினார்கள். நீ படித்துவிட்டு மடித்து வைத்தாய்.

போன ஐப்பசியில் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். மூக்கில் குழாய். பேரன் பேத்திகளைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாய் என்று குனிந்தேன். "முள்ளு நெஜமா அசைஞ்சுதாடி? இல்ல, நம்ம ஆசையா?"

இத்தனை வருஷமும் இதையா வைத்துக்கொண்டிருந்தாய், பாவி? "அசைஞ்சுதுடி. பாதியில நின்னுது. திரும்பியும் வந்துது. நான் பார்த்தேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப சரி" என்றாய்.

உன்னைக் கொண்டுபோன அன்று நான் அழவில்லை. வீடு நிறைய ஜனம், காபி டம்ளர் கழுவவே நேரம் சரியாக இருந்தது. இன்றைக்கு இந்தப் புகைவாசனையில் அழுதேன். "கண்ணு எரியுதாம்மா?" என்று மருமகள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

உடம்பு ஓய்ந்துவிட்டது. பார்த்தவர்கள் இரண்டே பேர், அதில் நீ போய்விட்டாய். யாரும் என்னிடம் வந்து கேட்கப்போவதில்லை. கேட்டால் சொல்வதற்கு நான் இருக்கிறேன். அசைந்ததடி.