வெற்று வானத்தில் ஒரு மேடு

அண்டசராசரங்களைத் தணிக்கை செய்யும் மகாராணியும் என் அக்கா மகளுமான மருமகளுக்கு,

குளிர்பதனச் சக்கரவர்த்தி, அதாவது இந்தத் தெருவின் ஃபிரிட்ஜ்களையெல்லாம் சாவிலிருந்து மீட்கும் உன் மாமா எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் நலம். காலையில் என்னைத் திட்டிய குரல் மூன்று ஊர்களுக்குக் கேட்டது.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கிழட்டு நட்சத்திரம் ஊதித் தள்ளும் தூசியில் புதுவகை மணல் இருக்கிறது என்று நான்கு வருடம் உழைத்து எழுதினாய். அகச்சிவப்பு ஒளியைப் பிரித்து வரைந்த கோட்டில் ஒரு சின்ன மேடு. அதுதான் மணலுக்குச் சாட்சி. வியாழக்கிழமை தேர்வாளர்கள் முன் அதைச் சொல்லி டாக்டர் பட்டம் வாங்கவேண்டும். இந்த நேரம் பார்த்து, நட்சத்திரமே இல்லாத வெற்று வானத்தை அதே கருவி எடுத்த பதிவை நீயே தேடிப் பார்த்தாயாம். மேடு அங்கேயும் இருந்ததாம். ஆக, அது மணல் இல்லை, கருவியின் சேட்டை. இது வேறு யாருக்கும் தெரியாது, சொன்னால் பட்டம் போய்விடும், என்ன செய்யட்டும் மாமா என்கிறாய்.

நான் இங்கே அடித்த தம்பட்டம் உனக்குத் தெரியாது. உன் தொலைநோக்கி சூடாக இருந்தால் தன் சூட்டையே நட்சத்திரம் என்று நினைத்துக்கொள்ளும், அதனால் அதை விண்வெளியில் உறையவைத்திருக்கிறார்கள், உறையவைப்பது எங்கள் குடும்பத் தொழில் என்றேன். ரிப்பேர்னா ஏணி வச்சு ஏறுவியாய்யா என்றார் எதிர்க்கடைத் தையல்காரர். ஏணிக்கு ஆர்டர் கொடுத்தாச்சு என்றேன்.

இப்போது நான் யாரிடமும் சொல்லாத ஒன்று. தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கும் அம்மாவின் பெரிய ஃபிரிட்ஜுக்கு கம்ப்ரசர் செத்துவிட்டது என்று புதிது மாட்டினேன். மறுநாள்தான் தெரிந்தது, பழைய கம்ப்ரசரில் குறையே இல்லை, செத்தது என் அழுத்த மீட்டர். வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடமாக அந்த அம்மா என்னைக் கைராசிக்காரர் என்று சொல்லி டீ கொடுக்கிறார். உன் கடிதம் வந்த சாயங்காலமே போய் உண்மையைச் சொன்னேன். கொடுத்த டீயை அவர் பிடுங்கவில்லை. குடிச்சுட்டுக் கிளம்புங்க என்று மட்டும் சொன்னார்.

சுகமாக இல்லை, மருமகளே. பொய் சொல்லமாட்டேன்.

ஆனாலும் சொல்லிவிடு. வியாழக்கிழமை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடு. பட்டம் தள்ளிப்போனால் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். திட்டு எனக்குப் பழக்கம்.

என் வாயில் உனக்கு எப்போதும் மகாராணிப் பட்டம்தான் வரும். இந்த ஒரு தடவை அளவாகச் சொல்கிறேன். அந்த வெற்று வானத்தைத் தேடிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. நீ பார்த்தாய். நன்றாக இரு.

அன்புடன்,
மாமா