பிளந்த குழாயில் விழுந்த காந்தம்

என் பூங்கொடிக்கு,

உன்னை ‘கண்ணு’ என்றுதான் எப்போதும் கூப்பிடுவேன். இன்றைக்கு அப்படிக் கூப்பிடவே கூச்சமாக இருக்கிறது. ஒரு தப்பை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் இங்கத்திய சேதி. நீ போய் ஒரு வருடம் தாண்டியும் உன் இடத்துக்கு ஆள் போடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நான்தான் மலையில் என் எடப்புளி நாட்டுப் பள்ளியிலிருந்து குண்டூர் நாட்டில் உள்ள உன் பள்ளிக்கு வந்து, உன் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். ஆய்வக அலமாரியில் நீ எழுதி ஒட்டிய சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. யாரையும் கிழிக்க விடவில்லை.

நாம் சேர்ந்து போன கடைசிப் பயிற்சி நினைவிருக்கிறதா? நாமக்கல்லில், மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்களுக்கு நடந்தது. வளைவு வளைவாகப் பஸ் இறங்க, என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாய்.

அன்றைய பாடம் மின்காந்தத் தூண்டலில் வரும் லென்ஸ் விதி. அலுமினியம் போன்ற உலோகக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் மெதுவாகத்தான் இறங்கும். குழாயில் தூண்டப்படும் மின்னோட்டம் அதைத் தடுக்கும். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர், “குழாயை மேலிருந்து கீழ்வரை நீளமாகப் பிளந்துவிட்டால்?” என்று கேட்டார். சுற்று அறுந்துவிட்டது, மின்னோட்டம் இருக்காது, காந்தம் தடையில்லாமல் விழும் என்றேன் நான்.

நீ எழுந்தாய். “இல்லீங்கக்கா, அப்பவும் கொஞ்சம் மெதுவாத்தான் வரும்னு நெனைக்கறனுங்க.”

“அறுந்த சுத்துல கரண்ட் எப்படி ஓடும் கண்ணு? பத்தாங்கிளாஸ் பாடத்த மறந்துட்டியா?” என்றேன்.

கூடமே சிரித்தது. கருத்தாளரும் என் விடையைச் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். அங்கே குழாயும் இல்லை, காந்தமும் இல்லை, திரையில் படம்தான். திரும்பும்போது பஸ்ஸில் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் கேட்காமல் போனேன்? அடுத்து வந்த மாதங்களெல்லாம் உனக்கு ஆஸ்பத்திரியிலேயே கழிந்தன. அப்புறம் கேட்பதற்கு நீ உயிரோடு இல்லை.

இந்த வருடம் என்னையே கருத்தாளராகப் போட்டார்கள். கொடுத்த ஸ்லைடுகளில் அதே கேள்வி, அதே விடை. இந்த முறை வாயால் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. சேந்தமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், இரண்டு அலுமினியக் குழாய் வாங்கி ஒன்றைப் பிளக்கச் சொன்னேன்.

“நல்ல பைப்ப எதுக்குங்க மேடம் பொளக்கறீங்க?” என்றார் பட்டறைக்காரர்.

அங்கேயே போட்டுப் பார்த்தேன். முழுக்குழாயில் காந்தம் ஊர்ந்து இறங்கியது. பிளந்த குழாயில் அதைவிட வேகமாக வந்தது. ஆனால் வெறுமனே கீழே போட்டதைவிட மெதுவாகத்தான் வந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். குழாயைச் சுற்றி ஓட வழியில்லை என்றாலும், அதன் சுவருக்குள்ளேயே சின்னச் சின்னச் சுழல்களாக மின்னோட்டம் ஓடிவிடுகிறது. சுழல் மின்னோட்டம் எனக்குத் தெரியாததா? தெரியும். நான் யோசிக்கவில்லை. நீ யோசித்திருந்தாய்.

பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன் கண்ணு. அந்த மனிதர் டீ வாங்கிவந்து வைத்தார்.

பயிற்சியன்று குழாய்களைப் பார்த்ததும் ஒருங்கிணைப்பாளர் முகம் சுளித்தார். “இதெல்லாம் செஞ்சு காட்ட நேரமில்லீங்க மேடம். ஸ்லைட முடிச்சாப் போதுங்க.”

“ஸ்லைடுல இருக்கற விடை தப்புங்க சார். அத என்னால சொல்லிக் குடுக்க முடியாதுங்க.”

அரை மணி நேரம் கொடுத்தார். அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் எதிரில் இருந்தார்கள். முதலில் விடையை எழுதச் சொன்னேன். அநேகமாக எல்லோரும் என் பழைய விடையையே எழுதினார்கள். பிறகு காந்தத்தை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்துவிட்டு, எழுதிய விடையை அடித்துத் திருத்தினார்கள்.

“இதே கூடத்துல பூங்கொடி டீச்சர் சரியாச் சொன்னாங்க. அவங்கள உக்கார வெச்சது நான்தானுங்க. தப்பு என்னுதுங்க.” அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “நானும் அன்னிக்குச் சிரிச்சேனுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முடியும் நேரத்தில், புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “பொளக்காம, பைப் முழுக்க ஓட்டை ஓட்டையாப் போட்டா எவ்வளவு வேகமா வருங்க மேடம்?”

“எனக்குத் தெரியலீங்க” என்றேன். பணிக்கு வந்த இத்தனை வருடத்தில், ஒரு கூடத்துக்கு முன்னால் நின்று அதைச் சொன்னது அன்றுதான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் நோட்டில் அந்தக் குழாயை வரைய ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த பயிற்சியை மலைமேலேயே, உன் ஆய்வகத்தில் நடத்தவேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடியாது என்றால் மறுபடியும் எழுதுவேன். சம்மதிக்கும்வரை எழுதுவேன். இனி நான் நிற்கும் எந்த வகுப்பிலும், கேள்வியோடு எழுந்தவர் பேசி முடிக்கும் முன் அவரை உட்கார வைக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அக்கா,
சரசு