செல்லப்பன் வீட்டுச் சொம்பு

1983, பங்குனி, வெள்ளிக்கிழமை

கிணறு துளைக்கும் ரிக் லாரி முதலாளியாக இருந்தபோது செல்லப்பன் தோட்டத்தில் போர் போட்டுக் கொடுத்தவன் நான். அந்தத் தொழிலை விட்டு, இப்போது அரசாங்க அணுசக்தித் துறையில் அதிகாரி. அந்தத் தண்ணீரில் யுரேனியம் இருப்பதாகப் போன வாரம் சோதனை முடிவு வந்தது. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. இன்று மறுபடி தண்ணீர் எடுக்கப் போனேன்.

வாசலில் கால் வைத்ததுமே அவன் மனைவி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். எங்கள் பக்கம் அதை வாங்காமல் உள்ளே போவது பெரிய அவமதிப்பு.

“வேண்டாம்மா, இப்பத்தான் டீ குடிச்சேன்” என்றேன்.

செல்லப்பன் என் முகத்தையே பார்த்தான். “ஏனுங்க, தண்ணி நல்லாத்தானே இருக்குதுங்க?”

“நல்லாத்தான் இருக்குது.”

“அப்பச் சரிங்க” என்று சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தான். மிச்சத்தைப் பக்கத்தில் நின்ற மகளிடம் நீட்டினான்.

அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.