தகட்டுக்குக் கீழே அருள்

14 ஜூலை 1964, செவ்வாய்

காலையில் எழுந்தபோதே இடது பக்கத் தலை விண்விண்ணென்று தெறித்தது. தைலம் தடவிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், வழக்கம்போல் கிரேனில் ஏறினேன். பதினொரு மணிக்கு ஓர் இரும்புத் தகட்டைத் தூக்கும்போது ஷெட் முழுவதும் சுற்றியது. கிரேனை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தகடு அந்தரத்தில் நின்றது. அதற்கு நேர் கீழே என் மச்சினன் அருள்.

“என்னாச்சு அத்தான்?” என்று கத்தினான். கரண்ட் கோளாறு என்று பொய் சொன்னேன்.

சாயங்காலம் மனைவி தங்கம் விடாப்பிடியாக மாஹிமில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். தலைவலி வேறு, கிறுகிறுப்பு வேறு என்றுதான் அவரிடம் சொன்னேன்.

“இல்ல டாக்டர். தலையப் புடிச்சிட்டு எந்திரிக்கிற அன்னைக்கெல்லாம் இவுக செவுத்தப் புடிச்சிட்டுத்தான் நடக்காவ” என்றாள் தங்கம்.

இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம், சில நாள் வலி இல்லாமலும் சுற்றும் என்றார் டாக்டர். இனி உயரத்தில் ஏறக் கூடாதாம். எனக்கு வேறு வேலை தெரியாது.

திரும்பும் வழியில் லேபர் கேம்ப் குடியிருப்பில் அருள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“எத்தன நாளா இப்படி?”

“ரெண்டு மாசமா.”

அவன் திட்டவில்லை. “நாளைக்கு ஏறாதீய அத்தான். ஒர்க்‌ஷாப் மிஸ்திரிகிட்ட சொல்ல நானும் கூட வாரேன்” என்றான்.

அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள்.