பதிவில் இல்லாத பிரிவு

ஜொகூர் பாரு

அன்புள்ள அம்மாவுக்கு,

உதவித்தொகை அலுவலகத்துக் கோமளா அக்கா நேற்று தொலைபேசியில் சொன்னார்: என் மனு தள்ளுபடியாகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அங்கே லூனாஸில் மழையா?

விவாகரத்தான பெற்றோரின் பிள்ளைகளுக்கான உதவித்தொகை என்பதால் நீதிமன்றத் தீர்ப்பு கேட்கிறார்கள். உங்கள் கல்யாணம் எஸ்டேட் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை என்றேன். அக்கா சிரித்தார்:

"ஐயோ தங்கச்சி, கல்யாணத்துக்கே சூராட், பத்திரம் இல்லன்னா பிரிஞ்சதுக்கு எங்கிருந்து சூராட் வரும்? கம்ப்யூட்டர்ல ஒங்கம்மாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகல லா!"

நானும் சிரித்துவிட்டேன்.

பிரிந்து போனதாக அப்பா கையெழுத்திட்டால் ஏற்பார்களாம். கோத்தா கோலா மூடாவில் அப்பா இருக்கும் வீட்டுக்குப் போன் செய்தேன். இப்போது அவரோடு இருக்கும் பெண் எடுத்து, "ராங் நம்பர்" என்றார். பின்னால் அப்பா இருமியது கேட்டது.

நீங்கள் போய்க் கேட்க வேண்டாம். தாலி கட்டிய படம் இருந்தால் அனுப்புங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய கைலி ஒன்றும் வையுங்கள், அறையில் ஏர்கோன் குளிர் அதிகம். படம் மட்டும் போதாது என்று கோமளா அக்கா முன்பே சொல்லிவிட்டார்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. உதவித்தொகைக் குழு இருபத்தெட்டாம் தேதி கூடுகிறது. கட்டணம் கட்டாவிட்டால் விடுதி அறையைக் காலி செய்ய முப்பதாம் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மகள்,
ரூபினி